மணலில் வைத்த ஆரஞ்சு சர்க்கரைவள்ளி முளைத்துவிட்டது

வறண்ட மாதங்கள் முழுக்க மணலுக்குள் கிடந்த கிழங்குகள் நாற்றங்காலில் கொடி விடத் தொடங்கிவிட்டன. இந்த நடவுக்கு யாரிடமும் கொடி கேட்டு நிற்க வேண்டாம் என்பதே பெரிய சந்தோஷம்.

தானியம் மட்டுமே விளைகிற சிறு நிலத்தில் வைட்டமின் ஏ-க்கு இதைவிட எளிய பயிர் எனக்குத் தெரியவில்லை. சுமார் 125 கிராம் கிழங்கே ஒரு சின்னக் குழந்தையின் அன்றாடத் தேவைக்குப் போதும். கூடவே கொஞ்சம் எண்ணெய் சேர வேண்டும், அப்போதுதான் சத்து உடம்பில் ஒட்டும். இதை ஊர் ஊராகக் கொண்டுபோன மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் ம்வாங்கா, ஜான் லோ மூவரும் 2016-ல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

கொடித் துண்டை நட்டுத்தான் இதை வளர்க்க வேண்டும், சிக்கல் அந்த நடவுக்கொடியில்தான். வெயிலில் கொடி காய்ந்துவிடும். மழை வந்த பிறகு தேடினால், கிடைப்பதற்குள் பாதிப் பருவம் போய்விடும். அதற்குத்தான் கிழங்கை மணலில் சேமித்து, மழைக்கு முன்பே முளைக்கவிட்டுக் கொடி எடுக்கும், சர்வதேச உருளைக்கிழங்கு மையம் பரப்பிவரும் இந்த மணல் முறை.

எல்லாமே மணலின் பக்குவத்தில் இருக்கிறது. விரலிடுக்கில் நிற்காமல் வழிந்தோடும் வரை வெயிலில் காய வேண்டும். அப்புறம் முழுசாக ஆற வேண்டும். சூடு இருந்தால் கிழங்கு கெடும். நான் இரவு முழுக்க நிழலில் பரப்பி வைத்து, உள்ளங்கையை அடிவரை நுழைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் கொட்டினேன். கிழங்குகள் ஒன்றையொன்று தொடவே கூடாது. காயம்பட்டதும் கூன்வண்டுத் துளை இருப்பதும் அறவே வேண்டாம். வண்டு கிழங்குக்குள்ளேயே பெருகும், ஒன்று போதும் தொட்டியைக் காலி செய்ய. மாதம் ஒருமுறை கொட்டிப் பார்த்து அழுகியதை எடுத்துவிட வேண்டும். மழைக்கு 6 முதல் 8 வாரம் முன்னால் நாற்றங்காலில் நட்டு நீர் விட்டால் சரி.

விலைக்கு வாங்கிய கொடியைப் பற்றிச் சொன்னால் கோபம்தான் வருகிறது. வாடி வந்தது, ரகத்தின் பெயர்கூட இல்லை. விளைந்ததை வெட்டினால் வெள்ளைச் சதை! உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் அதில் இல்லை என்றே சொல்லலாம். ஆரஞ்சு என்று நம்பிப் பிள்ளைக்குக் கொடுப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஏமாற்றம்.

கொடி இன்னும் வெட்டும் நீளத்துக்கு வரவில்லை. 30 செ.மீ. துண்டு, மண்ணுக்குள் இரண்டு கணுவாவது போக வேண்டும். அதற்குள் மனசு காராமணிக்குப் போய்விட்டது. புரதமும் கிடைக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும், இளம் இலையும் கீரையாகும். ஒரே பாரில் போட்டால் வள்ளிக்கொடி படர்ந்து மூடிவிடும் என்பதால் தனி வரிசை. குத்துச்செடி ரக விதையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.