38லிருந்து 67: ஆப்பிரிக்க உணவுப் பாதுகாப்புத் தாளில் அரியர் வைத்தவனின் குறிப்புகள்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. 67. போன வருடம் இதே தாளில் 38. இரண்டு மதிப்பெண்ணில் கோட்டை விட்டு, மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டி, ஆறு வாரம் காத்திருந்து, 'மாற்றம் இல்லை' என்று ஒற்றை வரியில் பதில் வாங்கியவன் நான். அந்தக் கடுப்பு இன்னும் முழுசாகத் தணியவில்லை. எழுத்தில் காரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வினாத்தாள் அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன்.

முதல் தடவை வந்த கேள்வி, மலாவியின் 2001–02 பஞ்சத்தைக் குடும்ப அளவில் விளக்கச் சொன்னது. வறட்சி, மக்கள்தொகை, ஊழல், கடன் என்று நான்கு தலைப்புப் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். ஏழு அடிஷனல் ஷீட். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது: அவ்வளவு எழுதியதில் ஒரு குடும்பம்கூட இல்லை. மலாவியை அடித்துவிட்டு நைஜர் என்று எழுதினாலும் பதில் அப்படியே நிற்கும்.

இந்தத் தடவை நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். எந்தக் கேள்வியானாலும், முதலில் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பன்னிரண்டு கட்டம், மாதத்துக்கு ஒன்று. கீழே நான்கு வரி: குதிரில் எவ்வளவு தானியம், கையில் எவ்வளவு காசு, சந்தையில் என்ன விலை, வீட்டு ஆட்கள் யார் நிலத்தில் வேலை செய்கிறார்கள். இதற்கு ஐந்து நிமிடம் போகும். பக்கத்து பெஞ்சுக்காரர் அதற்குள் முதல் பக்கத்தை முடித்திருப்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

மலாவியையே போட்டுப் பாருங்கள். மக்காச்சோளம் நவம்பர் வாக்கில் மழையோடு விதைக்கப்பட்டு ஏப்ரலையொட்டி அறுவடையாகிறது. சிறு குடும்பத்தின் குதிர் அதற்குப் பல மாதம் முன்பே துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பசிக்காலம், விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் அடுப்பு எரிய ஒரு வழி 'கன்யு', அதாவது அடுத்தவர் நிலத்தில் துண்டு வேலை. கூலி காசாகவும் வரும், மாவாகவும் வரும். ஆனால் தன் நிலத்தில் களை எடுக்க வேண்டியதும் அதே வாரங்களில்தான். இன்றைய சோற்றுக்காக அடுத்தவர் களையை எடுத்தவர், தன் காட்டில் களையை வளரவிடுகிறார். விளைச்சல் குறைகிறது, அடுத்த வருடம் குதிர் இன்னும் சீக்கிரம் காலியாகிறது. ஜனவரிக் கட்டத்தில் நான்கு வரியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். பதிலை அங்கிருந்து தொடங்குங்கள்.

அரசு, நன்கொடையாளர் கதையை இதற்கு மேல் ஏற்றினால் போதும். 2001 அறுவடை குறைந்தது. கிழங்கு விளைச்சல் பற்றிய மிகையான மதிப்பீடுகள் 'சமாளித்துவிடலாம்' என்ற எண்ணத்தைக் கொடுத்தன. தேசியத் தானிய இருப்பும் விற்றுத் தீர்ந்திருந்தது. விலை எகிறியபோது சந்தையில் இறக்கிவிட அரசின் கையில் சரக்கில்லை.

அடுத்தது வொல்லோ, வட எத்தியோப்பியாவின் பழைய மாகாணம், அங்கே வந்த பஞ்சம். இதைத் தவிர்க்கவே முடியாது, ஏதாவது ஒரு உருவில் வந்தே தீரும். 1972–74ஐ 1984–85 எத்தியோப்பியப் பஞ்சத்தோடு குழப்பாதீர்கள். முதலாவது முடியும்போது பேரரசர் ஹைலே செலாசி பதவி இழந்தார் (1974). இரண்டாவது அவருக்குப் பின் வந்த ராணுவ ஆட்சியாளர் மெங்கிஸ்து காலத்தில் நடந்தது. போன வருடம் நான் 'வறட்சியால் வொல்லோவில் தானிய விலை தாறுமாறாக ஏறியது' என்று தைரியமாக எழுதி வைத்தேன். அமர்த்தியா சென் 1981ல் காட்டியது இதற்கு நேர் எதிர். 1973ல் நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் உணவு உற்பத்தி பெரிதாக விழவில்லை. வொல்லோவின் தலைநகரான தெஸ்ஸியே சந்தையில் விலை பெரிதாக ஏறவுமில்லை. வொல்லோவிலிருந்து தானியம் வெளியே போய்க்கொண்டும் இருந்தது. விளைச்சல் போனவனிடம் வாங்கக் காசில்லை, வாங்க ஆளில்லாத இடத்தில் விலை எப்படி ஏறும்? 'என்டைட்டில்மென்ட்' (உணவைத் தன்வசமாக்க ஒருவருக்கு உள்ள வழி, சென் வைத்த சொல்) என்று பத்து தடவை எழுதுவதைவிட இந்த ஒரு வாக்கியம் மேல்.

அட்டவணைக் கேள்வி வந்தால் பயப்படாதீர்கள். ஆட்டின் விலை, சோளத்தின் விலை என இரண்டு வரிசை கொடுத்திருப்பார்கள். தனித்தனியாக விளக்க உட்காராதீர்கள், வகுத்துவிடுங்கள். ஆட்டின் விலை பாதியாகி, சோளம் இரண்டு மடங்கானால், முன்பு 80 கிலோ கொடுத்த ஆடு இப்போது 20 கிலோதான் கொடுக்கும். மழை பொய்த்த வருடத்தில் எல்லோரும் ஒரே சந்தைக்கு ஆட்டை ஓட்டி வருவதால் நடப்பது இது. மேய்ச்சல் குடும்பம் மந்தை முழுவதும் சாகும் முன்னரே பட்டினிக்குள் போய்விடுகிறது. எனக்கு மதிப்பெண் கொட்டியது இதில்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்ய வேண்டியவை:

- ஐபிசி, அதாவது உணவு நெருக்கடியின் கடுமையைத் தரம் பிரிக்கும் சர்வதேச அளவீடு: ஐந்து நிலைகள். ஐந்தாவதான பஞ்சத்துக்கு மூன்று அளவுகோல்: 20% குடும்பங்களுக்குக் கடும் உணவுப் பற்றாக்குறை, 30% குழந்தைகளுக்குக் கடும் ஊட்டக்குறைவு, நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு 2 மரணம்.
- சோமாலியா: 2011 ஜூலை 20 பஞ்ச அறிவிப்பு, பகூல் மற்றும் லோயர் ஷபெல்லே பகுதிகளில். முன்னெச்சரிக்கை 2010லேயே வந்துவிட்டது. இறந்தவர்கள் சுமார் 2,60,000 என்று பின்னால் வந்த மதிப்பீடு, அதில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.
- அதற்குப் பின் பஞ்ச அறிவிப்பு வந்த இடங்கள்: தென் சூடான் 2017, சூடானின் ஸம்ஸம் அகதி முகாம் 2024.
- எத்தியோப்பியாவின் பிஎஸ்என்பி என்ற பாதுகாப்பு வலைத் திட்டம், 2005. வருடத்தில் ஆறு மாதம் வேலைக்குக் கூலியோ தானியமோ, வேலை செய்ய முடியாதவர்களுக்கு நேரடி உதவி. பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது என்று கட்டத்தில் குறியுங்கள். பசிக்காலம் கடந்து வந்தால் அதற்குள் மாடு விற்றாகிவிடும்.

'குடும்பம்' என்பதை ஒற்றை ஆளாக எழுதுவது இன்னொரு பொறி. புர்கினா பாசோ பற்றிய கிறிஸ்டோபர் உட்ரியின் 1996 ஆய்வு ஒன்று போதும். ஒரே வீடு, ஒரே பயிர், ஒரே வருடம். ஆனாலும் பெண்களின் நிலத்தில் விளைச்சல் சுமார் 30% குறைவு, ஏனென்றால் எருவும் ஆட்களும் ஆண்களின் நிலத்துக்கே போயின. இதைக் கட்டத்தில் காட்ட, நான்காவது வரியை ஆண், பெண் என்று இரண்டாகப் பிரித்தேன்.

மேற்கு சூடானின் டார்ஃபூரில் 1984–85ல் வந்த பஞ்சத்தை ஆசைக்காகப் படித்தேன், கேட்கவே இல்லை. விதையையும் ஆட்டையும் காப்பாற்ற வேண்டுமென்றே பசியோடு இருந்தவர்கள், காட்டுக்காய் பறித்துத் தின்றவர்கள் அவர்கள். சாவுகளில் பெரும்பங்கு நோயால் வந்தது. நேரமிருந்தால் படியுங்கள். எனக்கு அந்தப் பகுதியால்தான் இந்தத் தாள்மீது வெறுப்பு போனது.

கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவராது, அதைப் பற்றி வேறு யாரையாவது கேளுங்கள். கையெழுத்து மோசமென்றால் பக்கத்துக்குப் பதினெட்டு வரிக்கு மேல் போகாதீர்கள். இந்தத் தடவை நான் வாங்கியது இரண்டே அடிஷனல் ஷீட்.

கட்டம் போட்ட பக்கத்தைக் குறுக்குக் கோடு போட்டு, 'ரஃப்' என்று எழுதிவிட்டு வாருங்கள். நான் எழுத மறந்து, பேப்பர் வாங்கிப்போன பிறகு மேற்பார்வையாளர் பின்னாலேயே ஓடினேன்.