ஊர் திரும்ப இன்னும் பத்து நாள்

பல மாதம் வெளிநாட்டில் தனியாகச் சுற்றுகிறவருக்குக் கடைசிப் பத்து நாள் தனி ரகம். உடம்பு இங்கே இருக்கும். மனசு எப்போதோ விமானம் ஏறியிருக்கும். புது ஊரும் பார்த்த ஊராகவே தெரியும். பக்கத்து மேசைக்காரர் சிரித்தால் பதிலுக்குப் பேசவும் அலுப்பாக இருக்கும். இதற்குப் பயந்து, விட்டுப்போன இடங்களையெல்லாம் இந்தப் பத்து நாளுக்குள் திணிக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். கடைசி ஒரு வாரம் ஒரே ஊரில், ஒரே அறையில் தங்குங்கள். பயணத்தை எழுதிவைக்க அதைவிட நல்ல வாரம் திரும்பக் கிடைக்காது.

கோபுரமும் கடற்கரையும் எங்கும் போகாது, படத்தில் இருக்கும். மறப்பது அன்றாடம்தான்: துணி துவைத்த இடம், பஸ்ஸில் இறங்கச் சொன்ன வார்த்தை, அறைக் கதவின் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது. வீட்டுக்கு வந்த சில வாரங்களில் பழைய பழக்கம் அதன்மேல் படிந்துவிடும்.

எழுதுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் நாள் போனில் படங்களைத் திறக்காதீர்கள். தங்கிய ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நினைவில் தானாக வருவதை மட்டும் மூன்று நான்கு வரி எழுதுங்கள். படத்தை முதலில் பார்த்தால், படம் பிடித்தது மட்டுமே நினைவாகத் தங்கும். படம் எடுக்காத நேரம் அழிந்துபோகும். மறுநாள் படங்களை வைத்துத் தேதியைச் சரிபாருங்கள். மூன்றாம் நாள், எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்து, எழுந்ததிலிருந்து படுத்தது வரை இரண்டு பக்கம் எழுதுங்கள். பல வருஷம் கழித்துப் படிக்கும்போது அந்த இரண்டு பக்கம்தான் உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அதன்பிறகு, கிளம்பும் முன் எதற்கெல்லாம் பயந்தீர்கள், அதில் எது நடந்தது, யாரையும் கேட்காமல் எடுத்த முடிவுகளில் எது தவறியது, ஏன் என்று எழுதுங்கள். தனியாகப் போனவருக்கு இதை நினைவுபடுத்த வேறு சாட்சி கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தெருச் சத்தத்தையும் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தனி கேமரா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: நாடு மாறும்போது போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கேமரா பெரும்பாலும் மாற்றாது. அதனால் இரண்டின் படங்களும் வரிசை குலைந்து நிற்கும். போன் கடிகாரத்தை கேமராவால் ஒரு படம் எடுத்துவிட்டால், எத்தனை மணி நேர வித்தியாசம் என்பது பிறகு தெரிந்துவிடும். ரசீதுகளில் பெரும்பாலானவை வெப்பத்தாளில் (மை இல்லாமல் சூட்டால் எழுத்து பதியும் தாள்) அச்சானவை, வெளுத்துவிடும், படம் எடுத்துவையுங்கள். எல்லாப் படங்களுக்கும் மூன்று பிரதி, இரு வேறு சாதனங்களில், அதில் ஒன்று உங்கள் பையில் இல்லாத இடத்தில். கிளவுடில் ஏற்றுவதைக் கடைசி இரவுக்கு வைத்தால், தங்குமிட வைஃபை மெதுவாக இருக்கும் அன்று பாதியில் நின்றுவிடும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசா நாட்களை விரல்விட்டு எண்ணுங்கள்: ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த ஷெங்கன் பகுதியில் 180 நாளுக்குள் 90 நாள் என்ற கணக்கில் நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் சேரும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:30 என்றிருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதில் விமானத்தைத் தவறவிடுவது சகஜம். நாணயங்களை அங்கேயே செலவழித்துவிடுங்கள், பணம் மாற்றுமிடங்கள் பெரும்பாலும் நோட்டை மட்டுமே வாங்கும். மலேரியா தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊர் வந்ததும் நிறுத்தக் கூடாது: அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் மலேரியா உள்ள பகுதியை விட்டபின் 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம். பிறகு காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

திரும்பியபின் வரும் வெறுமைக்கும் இப்போதே தயாராகலாம். வெளிநாட்டில் வாழப் போகிறவரின் மனநிலை முதலில் உயர்ந்து, இறங்கி, மறுபடி ஏறும் என்று சமூகவியலாளர் லிஸ்கார்ட் 1955-இல் எழுதினார். ஊர் திரும்பியபின் அதே இறக்கமும் ஏற்றமும் இன்னொரு முறை வரும் என்று 1963-இல் ஆய்வாளர்கள் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும் சேர்த்தார்கள். எல்லோருக்கும் அப்படியே நடப்பதில்லை. ஆனால் தனியாகப் போனவருக்கு, நினைவைப் பகிர்ந்துகொள்ள உடன் வந்தவர் யாரும் இல்லை என்பதால் அந்த இறக்கம் கூடுதலாகவே வலிக்கும். "எப்படி இருந்தது?" என்று கேட்பவர்களில் பலர் எதிர்பார்ப்பது இரண்டு நிமிஷப் பதில். அந்த இரண்டு நிமிஷத்தையும், விரும்பிக் கேட்பவருக்கு ஒரு பத்து நிமிஷச் சம்பவத்தையும் இங்கேயே யோசித்து வையுங்கள். முழுக்கதையையும் கேட்கக்கூடிய ஒரே ஒருவர் யாரென்று முடிவுசெய்து, அவரிடம் இப்போதே ஒரு நாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது, 100 வாட்-மணி (Wh) வரையுள்ள பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும் என்பது விதி. எழுதிய நோட்டும் அதே பைக்குள் போகட்டும்.