கோசோவில் ஐந்து இரவு: காற்றைப் பார்த்துக் கடற்கரை

மத்தியதரைக் கடல் நாடான மால்டாவுக்குப் போகிறவர்களில் பலர் பக்கத்துத் தீவான கோசோவை ஒரே பகலில் சுற்றிவிட்டு மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். ஓய்வுக்குப் போகிறவர் செய்யக்கூடாதது அதுதான். அந்தக் கூட்டம் கிளம்பிய பிறகுதான் ஊர் அடங்கும். தீவு சுமார் 14 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலம். ஐந்து இரவு தாராளம்.

செப்டம்பர் கடைசி வாரமோ அக்டோபர் முதல் வாரமோ நல்ல காலம். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 24, 25 டிகிரியில் இருக்கும். மே மாதம் வெயில் இதமாக இருந்தாலும் தண்ணீர் 18, 19 டிகிரிதான். நம்மூர்க் கடலில் பழகிய உடம்புக்கு விறைத்துப்போகும். ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவை ஒட்டிய நாட்களில் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது.

கோசோவுக்கு விமானம் இல்லை. மால்டா விமான நிலையத்திலிருந்து எக்ஸ்1 பேருந்தில் சிர்கெவ்வா துறைக்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். அங்கிருந்து கோசோவின் துறைமுகமான இம்ஜாருக்குக் கார்களையும் ஏற்றிச்செல்லும் பெரிய படகில் 25 நிமிடம். போகும்போது யாரும் காசு கேட்கவில்லையே என்று குழம்ப வேண்டாம், கட்டணம் திரும்பும்போதுதான். மால்டாவின் தலைநகர் வாலெட்டாவிலிருந்து முக்கால் மணியில் வரும் வேகப்படகும் உண்டு. பெட்டி அதிகம் இல்லாதவர்களுக்கு அது சுகம், ஆனால் காற்று வலுத்தால் முதலில் நிற்பதும் அதுதான். திரும்பும் நாளில் விமானத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்பே அறையை விட்டுக் கிளம்புங்கள். அதிகாலை விமானம் என்றால் கடைசி இரவை மால்டாவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

தங்க, கோசோவின் முக்கிய ஊரான விக்டோரியா வசதி. தீவின் பேருந்துகள் அங்கிருந்துதான் எல்லாப் பக்கமும் பிரிகின்றன. ரம்லா கடற்கரையிலிருந்து ஷ்லெண்டி கடற்கரைக்குப் போவதற்கும் விக்டோரியா வந்து மாற வேண்டும். பல தடங்களில் மணிக்கு ஒரு பேருந்துதான். நீச்சல்குளத்தோடு கிடைக்கும் பழைய பண்ணைவீடுகள் அழகுதான், ஆனால் கார் இல்லாமல் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். இந்தியா, இலங்கை போலவே அங்கும் இடப்பக்க ஓட்டம்.

எந்தக் கடற்கரை என்பதை முதல் நாளே முடிவு செய்யாதீர்கள். காலையில் காற்றின் திசையைப் பாருங்கள். அங்கே அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று. அது வீசும்போது வடக்குப் பார்த்த ரம்லாவில் அலை எழும்பி, ஆளை உள்ளே இழுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. அன்றைக்குத் தெற்குக் கரைக்குப் போங்கள்: ஹோண்டோக் அல்லது இம்ஜார் இஷ்ஷீனி. தெற்குக் காற்று என்றால் ரம்லாவின் செம்மணலே சரி. ரம்லாவைத் தவிர மற்ற பல இடங்களில் பாறையிலிருந்துதான் இறங்க வேண்டும், ஆகவே ரப்பர்ச் செருப்பு அவசியம். ஜெல்லி மீன் கொட்டினால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள்; தோலில் ஒட்டிய கொட்டும் செல்கள் இன்னும் வெடிக்கும். கடல்நீரில்தான் கழுவ வேண்டும்.

மாலையில் ஷ்வெய்னி உப்பளம். பாறையிலேயே வெட்டிய பாத்திகள். கோடையில் இன்றும் உப்பு அள்ளுகிறார்கள், அதனால் பாத்திக்குள் கால் வைக்கக்கூடாது. பழைய படங்களில் காணும் அஷ்யூர் விண்டோ பாறை வளைவைத் தேடிப் போகாதீர்கள். 2017 மார்ச் 8 அன்று கடலில் சரிந்துவிட்டது. கி.மு. 3600 வாக்கில் எழுந்த ஜிகான்தீயா கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், நிழல் குறைவு.

சைவர்களுக்குப் பட்டாணி அல்லது ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்த பஸ்தீட்சி என்ற பஃப் கிடைக்கும். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் உப்புச் சுவை தெரியும். பிளக் சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள சதுரமுனை மூன்று பின். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அடாப்டர் வேண்டும்.