சாக்கெட் தருவது பைட்டுகளை மட்டும்தான்

தொழிற்சாலை மின் மீட்டர்களைப் படித்து, அந்த எண்களை ஈதர்நெட் வழியாகக் கேட்பவர்களுக்குத் தரும் சின்ன கேட்வே பெட்டிகளுக்கு நிரல் எழுதுவது என் வேலை. தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் மொழி, டிசிபி என்ற நெட்வொர்க் இணைப்பு முறையின் மேல்: மோட்பஸ் டிசிபி, போர்ட் 502. உள்ளே ஒரு ஏஆர்எம் மைக்ரோகன்ட்ரோலர், அதன்மேல் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளம். லினக்ஸில் சாக்கெட் (நெட்வொர்க்கில் பைட்டுகளை அனுப்பவும் வாங்கவும் நிரல் திறக்கும் முனை) நிரல் எழுதிப் பழகியவர்கள் எங்கள் குழுவில் சேரும்போது, ‘ரிசீவ்தானே, தெரியும்’ என்றுதான் வருவார்கள். தெரியும்தான். ஆனால் சாக்கெட்டில் வந்த பைட்டுகளை எடுத்துத் தரும் அந்த ஃபங்ஷனை நம்பி எதையெல்லாம் விடக்கூடாது என்பது இந்தப் பெட்டிகளில்தான் தெரியவரும்.

2 ரெஜிஸ்டர்களை, அதாவது எண்கள் இருக்கும் இடங்களை, கேட்கும் ஒரு மோட்பஸ் கோரிக்கை 12 பைட்: 00 01 00 00 00 06 01 03 00 00 00 02. ஐந்தாவது, ஆறாவது பைட்டுகள்தான் இனி எத்தனை பைட் வரும் என்று சொல்கின்றன; இங்கே 6. அலுவலகத்தில் லேப்டாப்பும் போர்டும் ஒரே சுவிட்சில் இருக்கும்போது 12 பைட்டும் ஒரே ரிசீவில் வந்துவிடும். ஓர் ஆலையில் அப்படி வரவில்லை. அங்கிருந்த கண்காணிப்பு மென்பொருள் 7 பைட் தலைப்பைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் அனுப்பியது. நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் 7 பைட், ஒரு இடைவெளி, அப்புறம் 5 பைட். அந்த இடைவெளிக்கும் காரணம் உண்டு. 1984-இல் ஜான் நேகிள் முன்வைத்த முறைப்படி, முதலில் போன சின்னப் பாக்கெட்டுக்கு ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை வரும்வரை அடுத்த சின்னப் பாக்கெட் அனுப்பியவரிடமே காத்திருக்கும். ஒப்புகை தரவேண்டிய நம் பெட்டியோ, பதிலோடு சேர்த்து அனுப்பலாம் என்று கொஞ்சம் தாமதிக்கும். இரண்டு பக்கமும் விதிப்படிதான் நடக்கின்றன. டிசிபி பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது.

அதனால் எங்கள் நிரல் முதலில், தலைப்பில் நீளம் முடியும் இடம்வரை, 6 பைட் சேரும்வரை படிக்கும். நீளம் 2 முதல் 254-க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதியைப் படிக்கும். நீளம் கோணலாக இருந்தால் இணைப்பையே மூடிவிடும். மூடாமல் அடுத்த தலைப்பைத் தேடிப் பிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தரவுக்கு நடுவிலேயே தலைப்பு மாதிரி தெரியும் பைட்டுகள் வரலாம். அந்த வழியை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ரிசீவ் திருப்பித் தரும் எண்ணில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வெளியீட்டோடு வந்த சாக்கெட் மரபில், டிசிபி-யில் 0 வந்தால் மறுமுனை இணைப்பை முறையாக மூடிவிட்டது என்று பொருள். காத்திருக்கும் நேரம் தீர்ந்தால் -1 வரும். காரணத்தைத் தனியே பார்த்துக்கொள்ளலாம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆடம் டங்கல்ஸ் சின்னப் பெட்டிகளுக்காக எழுதிய நெட்வொர்க் நிரல்தொகுப்பான எல்டபிள்யூஐபி-யின் சாக்கெட் பகுதியும் அப்படித்தான். ஃப்ரீஆர்டிஓஎஸ்-ஸின் சொந்த நெட்வொர்க் தொகுப்பான ஃப்ரீஆர்டிஓஎஸ் பிளஸ் டிசிபி-யில் கதை வேறு. அங்கே 0 என்றால் நேரம் தீர்ந்தது, இன்னும் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். இணைப்பு போயிருந்தால் எதிர்ம எண் வரும். எல்டபிள்யூஐபி-யிலிருந்து இதற்கு மாறும் வேலை எங்களுக்கு வந்தபோது, குழுவில் இளையவரான ஒரு பொறியாளர் ஆவணத்தை விரித்துவைத்துக்கொண்டு, “அண்ணா, இப்படியே மாத்தினா கிளையன்ட் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே நாம லைனைக் கட் பண்ணிடுவோம்” என்றார். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தந்திருக்காது. அன்றைக்கே ஒரு மெல்லிய உறை ஃபங்ஷன் எழுதச் சொன்னேன். அது நான்கில் ஒன்றைத்தான் சொல்லும்: தரவு வந்தது, அமைதி, மூடியாயிற்று, பிழை. நிரலில் வேறு எந்த இடத்திலும் ரிசீவை நேரடியாக அழைக்கக்கூடாது என்பது அன்றிலிருந்து குழுவின் சட்டம். அந்தப் பையனை நினைத்து இன்றும் எனக்குப் பெருமைதான்.

அந்த நான்கில் எனக்கு அதிகக் கவலை தருவது அமைதி. மறுமுனைக் கணினியின் மின்சாரம் போனாலோ, நடுவில் இருக்கும் சுவிட்ச் அணைந்தாலோ, ‘மூடுகிறேன்’ என்ற பாக்கெட் எதுவும் வராது. டைம்அவுட் வைக்காத ரிசீவ் அப்படியே உட்கார்ந்திருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் டிசிபி-யின் கீப்அலைவ் இருக்கிறதே என்பார்கள். அதை இயக்கினாலும், வழக்கமான அமைப்பில் 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் விசாரிப்பே போகும். எல்டபிள்யூஐபி-யில் அமைப்பை மாற்றாமல் விட்டால் இணைப்புகளுக்கு மொத்தம் 4 இடங்கள்தான், அதிலும் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டே எடுத்துக்கொள்ளும். செத்த இணைப்புகள் மூன்று சேர்ந்தால் புதிதாக வருபவருக்கு இடமில்லை. ஓர் ஆலையில் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் ஒருவர், “காலையில வந்ததும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுவோம் சார், அப்புறம் நல்லா ஓடும்” என்று இயல்பாகச் சொன்னார். பழைய நிரல் ஓடிக்கொண்டிருந்த பெட்டி அது. நம் நிரல் செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதர் தினமும் செய்துகொண்டிருந்தார்; அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எவ்வளவு நேர அமைதிக்குப் பிறகு இணைப்பைக் கைவிடுவது என்பதை நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. அந்த ஆலையில் எத்தனை விநாடிக்கு ஒருமுறை மீட்டரைக் கேட்கிறார்கள் என்று விசாரித்து, அதைப்போல் சில மடங்கு வைக்கிறோம்.

டிசிபி-க்குப் பதிலாக, இணைப்பு இல்லாமல் தனித்தனிப் பாக்கெட்டாக அனுப்பும் யூடிபி-யில் செய்தியின் எல்லை அப்படியே கிடைக்கும். சரி, நிம்மதி என்று தோன்றும். ஆனால் படிக்கும் டாஸ்க் (நிரலில் தனியாக ஓடும் வேலை) சுணங்கினால், படிக்காத பாக்கெட்டுகள் பஃபர்களை, அதாவது அவற்றைத் தாங்கும் நினைவகத் துண்டுகளை, பிடித்துக்கொள்ளும். எல்டபிள்யூஐபி-யின் வழக்கமான குளத்தில் 16 பஃபர்தான். அது வற்றினால் பக்கத்து டிசிபி இணைப்பும் சேர்ந்து தவிக்கும். அதனால் யூடிபி-யைப் படிக்கும் டாஸ்க்கில், நேரம் பிடிக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும் வேலையை வைக்கவே கூடாது.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் மூன்று சோதனைகள் ஓடும். ஒரு பைத்தான் நிரல் கோரிக்கையை ஒவ்வொரு பைட்டாக அனுப்பும். இன்னொன்று இரண்டு கோரிக்கைகளை ஒட்டி 24 பைட்டாக அனுப்பும். மூன்றாவதில் இணைப்பு உயிரோடு இருக்கும்போதே கேபிளைப் பிடுங்குவோம். நம் போர்டில் பிடுங்கினால் லிங்க் போனது டிரைவருக்குத் தெரிந்துவிடும், அதனால் அது சோதனையாகாது. சுவிட்சுக்கு அந்தப் பக்கம், லேப்டாப்பின் கேபிளைத்தான் பிடுங்க வேண்டும்.