பச்சை போட்டிருந்துச்சே பாப்பா

அன்றைக்குப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. வேலை முடிந்து நான் பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல் வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. அம்மா சூப் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். "பட்டாணி சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு, என்னமோ லேசா புகை வாசம்" என்றாள். குப்பைக்கூடையில் கிடந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பினேன். முன்பக்கம் பட்டாணிப் படம், மூலையில் இளம்பச்சையில் 'பி'. பின்பக்கம் பொடி எழுத்துக்கு நடுவில் ஒரு சொல்: லார்தோன். உப்பு போட்டுப் புகையூட்டிய பன்றிக்கறித் துண்டு.

அம்மா மற்ற மாதங்களில் மீன் சாப்பிடுவாள். பன்றிக்கறி அவள் வாழ்நாளில் தொட்டதில்லை. புரட்டாசி பிறந்துவிட்டால் புதுச்சேரியில் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் மீன் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, அதுவும் பெருமாளுக்கு மாவிளக்கு போட்ட நாளில், நான் வாங்கி வைத்த பெட்டியிலிருந்து இது. சொல்லாமல் விடவும் மனசு கேட்கவில்லை, சொன்னேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெரியாம சாப்பிட்டதுக்குப் பெருமாள் என்ன செய்வாரு, விடு." கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த வார்த்தை வந்தது. "ஆனா, பச்சை போட்டிருந்துச்சே பாப்பா."

ஊரில் பச்சைப் புள்ளி என்றால் சைவம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தச் சின்னச் சதுரத்தைப் பார்த்துத்தான் பிஸ்கட் வாங்குகிறார்கள். இங்கே அது வேறு கணக்கு. ஏழு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். பிரெஞ்சில் மருத்துவரிடம் பேசுகிறேன், வரிப் படிவம் நிரப்புகிறேன், பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்த அம்மாவைப் பார்த்தபோது, நான் இன்னும் காந்தி வீதியில் வரதராஜப் பெருமாள் கோவில் வாசலில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

மறுநாள் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். இதற்குப் பெயர் நூத்ரி-ஸ்கோர். பிரான்சில் 2017-இல் வந்தது. கரும்பச்சை 'ஏ'யில் தொடங்கி, இளம்பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று சிவப்பு 'ஈ' வரைக்கும் ஐந்து படி. 100 கிராமில் சர்க்கரை, உப்பு, கெட்ட கொழுப்பு, கலோரி எவ்வளவு என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். நார்ச்சத்து, புரதம், காய், பழம், பருப்பு இருந்தால் புள்ளி குறையும். மொத்தப் புள்ளி ஏற ஏற நிறம் சிவப்பை நோக்கிப் போகும். சைவமா அசைவமா என்று அது சொல்லாது. சாயம், பதப்படுத்தும் மருந்து எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் வராது. போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாரிஸ் லா ஷாப்பேலில் நம் ஆட்கள் கடைகளில் ஊரிலிருந்து வரும் சாமான்களில் பெரும்பாலும் அந்த எழுத்தே இருக்காது.

"பானத்துல தண்ணிக்கு மட்டுந்தான் 'ஏ' கிடைக்கும்" என்றேன். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கடைக்குப் போகலாம் வா என்று அவளே கிளம்பினாள்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். பிரெஞ்சு ஒரு எழுத்துத் தெரியாத அம்மா, பேத்திக்குக் காலையில் பாலில் போட்டுக் கொடுக்கும் தானியப் பெட்டிகள் இருந்த அடுக்கின் முன்னால் நின்று, பெரிய மார்க்கெட்டில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கரடிப் படம் போட்ட பெட்டி 'டி'. அதற்குக் கீழே, படமே இல்லாத வெறும் ஓட்ஸ் 'ஏ'. "ஒரே அடுக்குல இருக்கறதத்தான் ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாக்கணும், இல்ல? பிஸ்கட்டுக்கும் எண்ணெய்க்கும் சண்டை மூட்டக் கூடாது." நான் இதைப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆனது.

வீட்டுக்கு வந்ததும்தான் வினை. என் மகளுக்கு எட்டு வயது. போனில் பார்கோடு காட்டினால் எழுத்து சொல்லும் செயலி அவளுக்கு ஒரு விளையாட்டு. லா ஷாப்பேலில் வாங்கிய மாங்காய் ஊறுகாய் பாட்டிலைக் காட்டினாள். 'ஈ'. அப்புறம் அவள் ஆயா, அதாவது என் அம்மா, ஊரிலிருந்து முருங்கைக்கீரை போட்டு உருக்கிக் கொண்டுவந்த நெய் பாட்டில். அதில் பார்கோடு ஏது? வெண்ணெய்க்கு என்ன எழுத்து என்று பார்த்துவிட்டு, "ஆயா, இதுவும் ஈதான், இதெல்லாம் சாப்பிடக் கூடாது" என்று மூடியைத் திருகி மூடி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். சூப்பைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெட்டியில் இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போய்விடக் கூடாது என்று தன் புடவையில் இரண்டை எடுத்துவிட்டு வைத்த பாட்டில் அது.

சமையலறைத் தராசை எடுத்து மேசையில் வைத்தேன். ஆயா சோற்றில் விடும் நெய்யை அதே கரண்டியில் ஊற்றி மகளுக்குக் காட்டினேன். 4 கிராம். அந்த எழுத்து 100 கிராமுக்கு, 100 கிராம் நெய்யை யாரும் குடிப்பதில்லை. பருப்பு, கீரை, சோறு எல்லாம் சேர்ந்த தட்டுக்கு எந்தக் கடையிலும் எழுத்து போட முடியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். என் மாமனார் பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பென்ஷன் வாங்குகிறவர். அவரும் சேர்ந்துகொண்டார். "ஆலிவ் எண்ணெய்க்கு முதல்ல 'டி' குடுத்தாங்க, அப்புறம் 'சி', இப்ப 'பி'. எண்ணெய் அதேதாம்மா இருக்கு." கணக்கைத் திருத்திக்கொண்டார்கள் என்பது நல்லதுதான். ஆனாலும் அன்றைக்கு அவர் என் பக்கம் பேசியது ஆறுதலாக இருந்தது.

அப்புறம் ஊறுகாயையும் எடை போட்டுப் பாரேன் என்றாள் மகள். அம்மா வழக்கமாகத் தட்டில் வைக்கும் துண்டு, 7 கிராம். பாட்டிலைத் திருப்பினேன். 100 கிராமில் உப்பு 12 கிராம். அப்படியானால் ஒரு துண்டில் 0.84 கிராம். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மா ஒரு வேளைக்கு இரண்டு துண்டு வைப்பாள். மூன்று வருஷமாக பிரஷர் மாத்திரை போடுகிறாள். நெய்க்காகச் சண்டை போட்ட நான் ஊறுகாய்க்கு வாயை மூடிக்கொண்டேன். அம்மா தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி துண்டைக் கத்தியால் இரண்டாக வகுந்து, பாதியைத் திரும்ப பாட்டிலில் போட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் ஊருக்குப் போய்விட்டாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது துவைத்த துணி கிடக்கிறது. கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிறேன், அப்புறம்தான் நிறம். வெண்டைக்காயைக் கண்டால் மட்டும் விரல் தானாக நுனிக்குப் போகிறது.

போன வாரம் புதுச்சேரிக் கடையிலிருந்து வாட்ஸப்பில் அழைத்தாள். "இங்க முன்னாடி எழுத்து ஒண்ணும் காணோம் பாப்பா. பச்சைப் புள்ளி இருக்கு, அது சைவத்துக்கு. உப்பு எவ்வளவுன்னு எப்படிப் பாக்கறது?" பின்பக்க அட்டவணையில் சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு என்றேன். படம் எடுத்து அனுப்பினாள். சோடியம் இருக்கவேண்டிய வரி மேலே அவள் கட்டைவிரல், நகத்தில் மஞ்சள் கறையோடு. விரலை நகர்த்தி இன்னொரு படம் அனுப்பு என்று எழுதினேன். முதல் படத்தையும் அழிக்கவில்லை.