சுவரோரத்து மேசை

ஹாட்டி மெக்டேனியலைப் பற்றி எப்போது படித்தாலும் என் மனம் அந்தச் சிறிய மேசையிலேயே நின்றுவிடுகிறது. 1940 பிப்ரவரி 29 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசிடர் ஹோட்டலில், 'கான் வித் த விண்ட்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்று, அவ்விருதை வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார் அவர். ஆனால் கறுப்பினத்தவரை அனுமதிக்காத அந்த ஹோட்டலுக்குள் அவர் நுழையவே தயாரிப்பாளர் தனியே அனுமதி பெற வேண்டியிருந்தது. உடன் நடித்தவர்கள் ஒன்றாக அமர்ந்திருக்க, அவருக்குச் சுவரோரமாகத் தனி மேசை போடப்பட்டிருந்தது. தலையில் வெள்ளை கார்டீனியா மலர்களைச் சூடியபடி, அங்கிருந்து எழுந்து நடந்து சென்றுதான் விருதை வாங்கினார். அன்று துணை நடிகர்களுக்குச் சிலை கிடையாது, சிறு பட்டயம் மட்டுமே. அதற்குச் சில வாரங்கள் முன்பு, அட்லாண்டாவில் நடந்த அதே படத்தின் முதல் காட்சிக்கும் நிறவெறிச் சட்டங்களால் அவரால் செல்ல முடியவில்லை.

பணிப்பெண் வேடங்களையே ஏற்கிறார் என்று அவருடைய சமூகத்தினரே அவரைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. எனினும் வேறு வேடம் எதையும் தராத ஸ்டுடியோக்களை நோக்கியே என் கோபம் செல்கிறது.

1952இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். கையிலும் கூந்தலிலும் கார்டீனியா மலர்களோடு ஹாலிவுட் கல்லறையில் தம்மை அடக்கம் செய்யும்படி எழுதி வைத்திருந்தார். நிறத்தைக் காரணம் காட்டி அங்கே இடம் மறுக்கப்பட்டது. அவருக்கான நினைவுக்கல் அங்கே எழுந்தது 1999இல்தான். ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற பட்டயமோ காணாமல் போயிற்று. அதற்கு ஈடாகப் புதியதொன்றை ஆஸ்கர் அகாதமி 2023இல் வழங்கியது.