அம்மா கேட்ட கிருமி மாத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாரு புள்ள" என்றார். பக்கத்து லயத்து அக்கா அனுப்பிய வீடியோ. புற்றுநோய்க் கட்டிக்குள் கிருமி குடியிருக்கிறதாம், அதைக் கொன்றால் கட்டி கரைந்துவிடுமாம். "ஹட்டன் பாமசியில அந்த மாத்திரை கெடைக்குமா?"

அம்மா பொகவந்தலாவைப் பக்கம் 34 வருடம் கொழுந்து பறித்தவர். இடுப்பில் எப்போதும் சுருக்குப் பை, அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, ஒரு துண்டு புகையிலை. காலைக் குளிரில் மலையேறும்போது வாயில் போட்டால் மதியம் வரை பசி தெரியாது என்பார். பாக்கு கலந்த வெற்றிலை, புகையிலை இல்லாவிட்டாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. தோட்டத்தில் அதை யார் வந்து சொன்னார்கள்?

இரண்டு வருடத்துக்கு முன் இடது கன்னத்தின் உட்புறம் ஒரு புண். அதற்கும் முன்பே அம்மாவுக்குக் காரம் தாங்கவில்லை. ரொட்டிக்குச் சம்பல் வேண்டாம் என்பார், வெறும் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுவார். உடம்புச் சூடு என்று நினைத்தேன். உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது. கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது, அப்புறம் கதிர்ச் சிகிச்சை. இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சங்கடம். கட்டிக்குள் பற்றீரியா இருப்பது உண்மை. அதில் அதிகம் பேசப்படுவது ஃபியூசோபற்றீரியம், நம் எல்லோர் வாயிலும் பல் இடுக்கில் இருக்கிற சாதாரணக் கிருமி. பெருங்குடல் கட்டிகளில் அது நிறைய இருந்தவர்கள், சராசரியாகப் பார்த்தால், குறைந்த காலமே வாழ்ந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2016இல் வந்த அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. அந்தக் கிருமியின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம் நோயை எதிர்க்கும் நம் நிர்ப்பீடனக் கலங்களைக் கட்டியைத் தாக்கவிடாமல் தடுக்கிறது. 2017இல் மனிதக் குடல் கட்டியை எலிகளில் வளர்த்து அந்தக் கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக்கைக் கொடுத்தபோது, கட்டி வளரும் வேகம் குறைந்தது. வீடியோக்காரர் இதைத்தான் எங்கேயோ கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் அம்மாவுடையது குடல் இல்லை, வாய். 2024இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 155 பேரின் கட்டித் தரவுகளைப் பார்த்தார்கள். அங்கே அதே ஃபியூசோபற்றீரியம் இருந்தவர்கள்தான் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள்! ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களோடு அதை விட்டுப் பார்த்தபோது 70 முதல் 99 வீதம் வரையான கலங்கள் செத்துப்போயின. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரே கிருமி, ஓர் இடத்தில் நோயோடு கூட்டு, இன்னோர் இடத்தில் நோய்க்கு எதிரி.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? தேயிலையைத்தான் பிடித்தேன். "கிழட்டு மரத்துல பாசி இருக்கே, பாசியாலதான் மரம் மெலிஞ்சுதா, மெலிஞ்ச மரமா பாத்துப் பாசி ஏறுச்சா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "கவ்வாத்து வெட்டிட்டுப் பாசி சுரண்டச் சொல்லுவாங்க. சில மரம் தளுக்கும், சில மரம் அப்படியே பட்டுப் போகும். பாசிய மட்டும் பாத்துச் சொல்ல முடியாது."

ஆராய்ச்சிக்காரர்களும் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். கிருமி இருந்ததும் ஆள் பிழைத்ததும் சேர்ந்தே தெரிகிறது. கிருமியால்தான் பிழைத்தார் என்று 155 பேரை வைத்துச் சொல்லிவிட முடியாது. அப்படியிருக்க, பாமசியில் வாங்கிய அன்டிபயோட்டிக்கால் அம்மா வாயில் எதைக் கொல்லப் போகிறேன்? மாத்திரை வாங்கவில்லை. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம் வழக்கம்போல ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, போன் டோர்ச்சை அடித்துக் கன்னத்தின் உள்ளே பார்த்தேன். தையல் தழும்பு வெளிறிக் கிடந்தது, புதிதாகப் புண் எதுவும் இல்லை. வாய் எவ்வளவு திறக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்போம். இரண்டு விரல் போனது, மூன்றாவது விரல் நுனியோடு நின்றுவிட்டது. போன மாதம் இரண்டே சிரமம்.

பக்கத்து லயத்து அக்காவையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டேன். அவருக்கும் கொஞ்ச நாளாகக் காரம் ஆகவில்லையாம். வருகிற செவ்வாய் காலை நாலரை பஸ்ஸில் மூன்று பேரும் கண்டிக்குப் போகிறோம்.